கிராம்பும் கேஸ்கட்டும்

எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு நான் பார்த்த முதல் உத்தியோகம், மற்றவர்கள் வாயை முகர்ந்து பார்ப்பது.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு வார்னிஷ் கம்பெனியின் கிடங்கு இருந்தது. எண்ணூரில் அவர்களுக்கு ஒரு ஷெட்டு. மரத்துக்குப் பூசும் பாலிஷையும் வார்னிஷையும் அங்கே கலந்து, டின்னில் அடைத்து, ராயபுரத்துக்குக் கொண்டுவந்து, இங்கிருந்து கடைகளுக்கும் கப்பல்களுக்கும் அனுப்புவார்கள். மதுவிலக்கு வந்த பிறகு எங்கள் பக்கத்தில் சாராயத்தை விட்டவர்கள் சிலர் பாலிஷைப் பிடித்துக்கொண்டார்கள். மேசை நாற்காலி பளபளக்க வேண்டிய சரக்கு குடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆகவே எங்கள் மேனேஜருக்கு ஒரே கவலை, சரக்கு ஏற்றி வருகிற ஆட்களே வழியில் ஒரு டின்னைத் திறந்துவிடுவார்கள் என்று. டின்களுக்கு ஒழுங்கான மூடி போட்டு ஈய முத்திரை வைத்திருந்தால் போதும். அது அவருக்குத் தோன்றவில்லை. படித்த பையன் ஒருவனை வாசலில் நிறுத்தி, உள்ளே வருகிறவர்கள் வாயையெல்லாம் முகரச் சொல்லலாம் என்பது தோன்றியது.

நடைமுறை இதுதான். காலையில் வேலைக்கு வரும்போதும், பிறகு வண்டி கேட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும், டிரைவர் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் 'ஊதுங்க' என்பேன். அவர் என் முகத்தில் ஊதுவார். நான் நீளமான ஒரு நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே 'சரி' என்றோ 'சந்தேகம்' என்றோ எழுதுவேன். 'குடித்திருக்கிறார்' என்று எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. அந்த வார்த்தையை மேனேஜர் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு டாக்டர் சர்டிபிகேட்டோடு வாங்கிய, குடிப்பதற்கான பர்மிட் இருந்தது. சில நாள் மத்தியானத்துக்கு மேல் அவர் அறைக்குள் போனால் எனக்கு நோட்டும் பேனாவும் நினைவுக்கு வரும். அவர் யார் முகத்திலும் ஊதிக் காட்டியதில்லை.

சில மாதங்களில் நான் இந்தக் கலையில் தேர்ந்துவிட்டேன். கருவாடு, பூண்டு, சொத்தைப் பல், பீடி எல்லாம் அத்துபடி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர் யார் என்பதும் வாயில் தெரியும். அதை எழுத நோட்டில் இடமில்லை.

அப்பா துறைமுகத்தில் கரி சுமந்தவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். மகன் ஆபீசில் எல்லாரையும் செக் பண்ணுகிற உத்தியோகத்தில் இருக்கிறான் என்று அம்மா தண்டையார்பேட்டை முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். பொய்யும் இல்லை. அல்ஜீப்ராவில் நான் வாங்கிய மார்க்குக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூக்கு இருந்தது, சேர்ந்துவிட்டேன்.

கம்பெனிக்கு ஒரே ஒரு வண்டி. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட பிக்கப்பு. பெட்ரோலை ரொம்பக் குடிக்கிறது என்று அதன் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு எதிலிருந்தோ பிடுங்கிய நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினை உட்காரவைத்திருந்தார்கள். உட்காரவைத்தவர் எங்கள் மேஸ்திரி. கோயில் கோபுரம் கட்டி முடித்தவர் மாதிரி அதைப் பற்றிப் பேசுவார். அந்த வண்டிக்கு அந்த இன்ஜின் அளவானதல்ல. டிரைவர் காலடியில் இருந்த தகட்டை உளியால் வெட்டி, பெடல்களுக்கும் குழாய்களுக்கும் வழி பண்ணி, மிச்ச இடைவெளியை அப்படியே விட்டுவிட்டார். கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கேட்டால், காற்று வரும், டிரைவருக்கு நல்லது என்பார். கதவுகளுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

டிரைவர் காசிமேட்டுக்காரர், நாற்பது வயது இருக்கும். அவர் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி வரும். கடல் ஒத்துக்கொள்ளாத மீனவன் என்று அவருடைய தோஸ்துகள் இன்னும் கேலி பண்ணுவார்கள். அதனால்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அந்த லைசென்ஸைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. கடலுக்குத் திரும்பிப் போகவும் முடியாது.

ஐப்பசி மழை பிடித்த சமயம், காலையில் வண்டியைக் கிளப்பினால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. தண்டையார்பேட்டை தாண்டி இன்ஜின் சூடானதும் தேய்ந்துவிடும். டிரைவர் மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி, வால்வைத் தள்ளுகிற டாப்பெட் தளர்ந்திருக்கிறது என்றார். மேல்மூடியைக் கழற்றி டாப்பெட்டைத் திருகி, மூடிவிட்டார். மறுநாள் காலை அதே டிக் டிக். மறுபடி டாப்பெட். ஒரு மாதத்தில் அந்த மூடியை எத்தனை தடவை கழற்றினாரோ, அதன் போல்ட்டுத் தலைகளே தேய்ந்து உருண்டுவிட்டன. கடைசியில் ஒரு நாள் டிரைவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"டாப்பெட்டு இல்ல மேஸ்திரி. எக்ஸாஸ்ட்டு பக்கம் ஊதிக்கினு கீது. கைய வச்சா அடிக்குது, கரி ஒட்டுது."

"நீ ஓட்டறவன், ஓட்டு," என்றார் மேஸ்திரி. "சூடானா சத்தம் நின்னு பூடுதா இல்லியா? தானா நின்னு போற சத்தத்துக்கு இன்னாத்துக்கு ரிப்பேரு?"

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு மேஸ்திரி சொன்னது நியாயமாகப் பட்டது. அந்த வயதில் எனக்கு, யார் குரல் ஓங்குகிறதோ அவர் பக்கம் நியாயம் இருக்கும்.

இப்போது தெரியும். இன்ஜின் தலையின் பக்கவாட்டில் நாலு துவாரங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எரித்து முடித்த புகையை அதன் வழியாகத் துப்பும். நாலையும் வாங்கி ஒன்றாகச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்புவது மேனிபோல்டு என்கிற வார்ப்பிரும்பு. இரும்பையும் இரும்பையும் எவ்வளவு முடுக்கினாலும் முழுதாக ஒட்டாது, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருக்கும். அந்த இடுக்கை அடைக்கத்தான் நடுவில் கேஸ்கட்டு. மெல்லிய செம்புத் தகடு இரண்டுக்கு நடுவே கல்நார் வைத்து அழுத்தியது, எவ்வளவு சூட்டிலும் நசுங்கி உட்கார்ந்து இடுக்கை மூடிக்கொள்ளும். அது ஓர் இடத்தில் கருகிவிட்டால் புகை குழாய்க்குப் போகாமல் அந்த வழியாகப் பீறிடும். இரும்பு குளிர்ந்திருக்கும்போது இடுக்கு அகலம், அதனால் சத்தம் கேட்கும். சூடேறி இரும்பு விரிந்ததும் இடுக்கு நெருங்கிச் சத்தம் அடங்கும். சத்தம்தான் அடங்கும். புகை வந்துகொண்டுதான் இருக்கும். சைலன்சர் வழியாக வண்டிக்குப் பின்னால் போக வேண்டிய அந்தப் புகை, மேஸ்திரி காற்றுக்காக விட்டுவைத்த ஓட்டை வழியாக டிரைவர் மடியில் வந்து இறங்கும்.

இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியாது என்றால் நான் மன்னித்துவிட்டிருப்பேன். அவருக்குத் தெரியும்.

வண்டி இழுக்கவும் மறுத்தது. கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது முனகியது. அதைவிட மோசமாக முனகியவர் டிரைவர். எண்ணூரிலிருந்து வந்து இறங்கும்போது கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. கதவைப் பிடித்துக்கொண்டு, தரை எங்கே இருக்கிறது என்று காலால் தேடி இறங்குவார். பின்னால் சரக்கின் மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு நனைந்து வந்த லோடுமேன்கள் இரண்டு பேரும் ஈரக் கோழி மாதிரி இருந்தாலும் தெம்பாகக் குதித்து இறங்குவார்கள். இவர் என் முன்னால் வந்து நின்று ஊதுவார். குப்பென்று கிராம்பு வாசனை அடிக்கும்.

மதுவிலக்குக் காலத்தில் கிராம்பு என்பது ஒப்புதல் வாக்குமூலம். குடித்தவன்தான் கிராம்பு மெல்லுவான், வாசனையை மறைக்க. இது ஊரறிந்த விஷயம், போலீஸ்காரர்களே அதை வைத்துத்தான் பிடிப்பார்கள் என்று பேச்சு. சிவந்த கண், தள்ளாடும் கால், கிராம்பு. எனக்கு வேறு என்ன வேண்டும்? 'சந்தேகம்' என்று எழுதினேன். முதல் தடவை எழுதியபோது ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமை இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

"தம்பி, தல சுத்துது, கொமட்டுது. அத்த அடக்கத்தான் கிராம்பு போட்டுக்கறேன்," என்றார் அவர்.

"குடிச்சவங்களும் அதைத்தான் சொல்வாங்க," என்றேன் நான், ஆபீஸ் தமிழில்.

இப்படி நாலு சந்தேகம். நாலு நாளும் மழை நாள், நாலு நாளும் தார்ப்பாய் இறக்கிக் கட்டிய நாள். நோட்டில் தேதிக்கு ஒரு கட்டம் உண்டு, மழைக்குக் கட்டம் இல்லை. இருந்திருந்தாலும் நான் பார்த்திருப்பேனா என்பது வேறு விஷயம். வகுப்பில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதிப் பாஸ் செய்தவன் நான்.

மேனேஜர் நோட்டைப் பார்த்தார். மெமோ எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் அழகான கையெழுத்தில் எழுதினேன். சனிக்கிழமை விசாரணை. குற்றம் நிரூபணமானால் வேலையிலிருந்து நீக்கம், அத்துடன் போலீசுக்குக் கடிதம். டிரைவருக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதியதை நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. முழுதும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"லைசென்ஸும் பூடுமா?"

போய்விடும் என்றேன். பெற்றுக்கொண்டதற்குப் பெருவிரல் ரேகையை உருட்டிவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை மேனேஜருக்கு இன்னொரு யோசனை உதித்தது. அவருடைய யோசனைகளில் எல்லாம் உழைப்பு வேறொருவருடையதாக இருக்கும். நான் டிரைவரோடு எண்ணூர் போய்த் திரும்பி, அவர் எந்த இடத்தில் டின்னைத் திறக்கிறார் என்று கண்ணால் பார்த்து வர வேண்டும். சாட்சி பலமாக இருக்குமாம். போனேன். டிரைவர் ஏன் வருகிறாய் என்று கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருந்த இடத்தைச் சாக்கால் மூடி, குந்து என்றார்.

போகும்போது வெயில். இரண்டு பக்கமும் கடல் காற்று ஓடியது. அந்த ஆளிடம் ஒரு தவறும் தெரியவில்லை. எண்ணூரில் டின் ஏற்றியபோது அவர் சரக்குப் பக்கமே போகாமல் ஒரு டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இறக்கிக் கட்டினார். திருவொற்றியூரில் ரயில்வே கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னே பின்னே போய்ப் பெட்டி கோத்துக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைக்கலாமே என்றேன். பேட்டரி செத்துக்கிடக்கிறது, அணைத்தால் லோடுமேன்கள் சேற்றில் இறங்கித் தள்ள வேண்டும் என்றார். புது பேட்டரி கேட்டு எழுதியிருந்தாரா என்று கேட்கப் போய் நிறுத்திக்கொண்டேன். அவருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த நான் வாசலில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தேன்.

கால்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் நன்றாகத்தான் இருந்தது, மழைக்கு. பிறகு கண் எரிந்தது. நாக்கில் கரி ருசி. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி யாரோ முறுக்குகிற மாதிரி இருந்தது. டிரைவர் தார்ப்பாயை விலக்கித் தலையை மழையில் நீட்டுவார், மூச்சு வாங்குவார், உள்ளே இழுத்துக்கொள்வார். அவருக்கு அது பழகிப்போன வேலையாக இருந்தது. பையிலிருந்து இரண்டு கிராம்பு எடுத்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். வாங்கி மென்றேன். கூட்ஸ் வண்டி இன்னும் ஒரு தடவை பின்னால் போயிற்று. பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் திருத்திக் கொடுத்த தமிழ் எனக்கு அங்கே மறந்துபோனது.

"அண்ணே, தொற. கவுற அவுறு, சீக்கிரம் தொற," என்றேன். அவர் தார்ப்பாயை அவிழ்ப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். பாதி வெளியே, பாதி உள்ளே.

அவர் என் முதுகைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் சொன்னார்: "இன்னா தம்பி, டின்ன எப்ப தொறந்தே? நான் பாக்கவே இல்லியே."

சிரிக்காமல்தான் சொன்னார். நான் எழுதிய நாலு சந்தேகமும் அந்த வாந்தியோடு சேற்றில் கிடப்பதுபோல் இருந்தது எனக்கு.

ராயபுரத்தில் கேட்டுக்குள் இறங்கியபோது நான் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். மேனேஜர் குடையோடு காத்திருந்தார். என் கண்ணைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

"ஊது," என்றார்.

ஊதினேன். வேறு என்ன செய்வது. அவர் மூக்கைச் சுருக்கினார்.

"கிராம்பு. அவனைப் பார்க்கத்தானே உன்னை அனுப்பினேன்? அவனோட சேர்ந்துக்கறதுக்கா?"

நான் வாயைத் திறக்குமுன் நோட்டை எடுத்து, என் பேனாவால், என் பெயரை எழுதி, அதற்கு எதிரே 'சந்தேகம்' என்று எழுதினார். தனக்கென்று வைத்திருந்த வார்த்தையை எனக்குச் செலவழிக்கவில்லை. நாலு டிரைவர் நாளுக்குக் கீழே ஒரு குமாஸ்தா நாள். பின்னால் லோடுமேன் ஒருவன் கனைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே வரச் சொல்லியிருந்தார் டிரைவர். லோடுமேன்களைத் தள்ளச் சொல்லி வண்டியைக் கிளப்பி, பானெட்டைத் தூக்கி, பழைய தினசரியில் ஒரு துண்டைக் கிழித்து மேனிபோல்டு ஓரமாகக் கொண்டுபோனார். முதல் துவாரம், இரண்டாவது, காகிதம் சும்மா இருந்தது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே வந்ததும் டிக் டிக் சத்தத்துக்குச் சரியாகப் படபடவென்று அடித்துக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் காகிதத்தில் மை தெளித்த மாதிரி கரிப்புள்ளி. இரும்பிலும் அந்த இடத்தில் மட்டும் ஒரு கறுப்பு நாக்கு நக்கியிருந்தது. இதைப் பார்க்க எஸ்.எஸ்.எல்.சி. தேவையில்லை. குனிந்தால் போதும். ஒரு மாதமாக அந்தக் கம்பெனியில் அவரைத் தவிர ஒருவரும் குனியவில்லை.

சனிக்கிழமை விசாரணை முற்றத்திலேயே நடந்தது. மேனேஜர் ஒரு மேசை போட்டு நாற்காலியில். மேஸ்திரி அவருக்குப் பக்கத்தில், சாட்சியா நீதிபதியா என்று தெரியாத ஒரு நிலையில். டிரைவர் மெமோவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கரிப்புள்ளிக் காகிதத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"டீசல் புகையில போதை வருமா? எந்தப் புஸ்தகத்தில படிச்சே?" என்றார் மேனேஜர்.

"புஸ்தகத்தில இல்ல சார். வண்டியில உட்கார்ந்தேன். நாலு நாளும் மழை நாள் சார், தார்ப்பாய் கட்டின நாள். பின்னால நனைஞ்சு வந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல."

மேஸ்திரி சிரித்தார். "படிச்ச புள்ளைக்கு வயிறு ஒத்துக்கல. அதுக்கு என் இன்ஜினு இன்னா சார் பண்ணும்?"

டிரைவர் ஓர் அடி முன்னால் வந்தார். "அப்ப மேஸ்திரியே கொஞ்ச நேரம் குந்தட்டும் சார். நான் தார்ப்பாய கட்டி வுடறேன். நல்லா கீறாருன்னா இந்தக் கடுதாசிய நீங்க போலீசுக்கே குடுத்துடுங்க. லைசென்ஸ நானே இங்க வச்சிட்டுப் போறேன்."

சொன்னபடி லைசென்ஸை எடுத்து மேனேஜர் மேசையில் வைத்தார். மேஸ்திரியால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் அவர் இன்ஜினை அவரே நம்பவில்லை என்றாகும். ஏறி உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். லோடுமேன்கள் தள்ள, டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டு இறங்கி, இரண்டு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார், திருவொற்றியூர் கேட்டில் கட்டுகிற மாதிரியே. மேனேஜர் கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

முதலில் உள்ளேயிருந்து மேஸ்திரி ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அப்புறம் பாட்டு நின்றது. இருமல் வந்தது. தார்ப்பாய் ஓரம் விலகி ஒரு மூக்கு தெரிந்தது. டிரைவர் பக்குவமாக அதை உள்ளே தள்ளி மூடினார்.

"மய வரும் மேஸ்திரி. மூடிக்க."

வானம் பளிச்சென்று இருந்தது. மறுபடி அந்தத் தார்ப்பாய் விலகியபோது யாரும் மூட முடியவில்லை. மேஸ்திரி முழு உடம்போடு வந்துவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு, தரையைக் காலால் தேடி இறங்கினார். ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்து எச்சில் துப்பினார். கண் இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த சிவப்பு.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். "ஊதுங்க மேஸ்திரி."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மேஸ்திரி ஊதினார். 'சந்தேகம்' என்று எழுதினேன். அது புதுப் பக்கம்; அந்த ஒரு தாளை மட்டும் மேனேஜர் பிறகு கிழித்துவிட்டார் என்பது வேறு.

கேஸ்கட்டைப் பிரிக்கச் சொல்லி உத்தரவாயிற்று. மேஸ்திரி நட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றினார். ஊறட்டும் என்று ஒரு பீடி நேரம் காத்திருந்தார். எட்டில் ஏழு வந்தன. எட்டாவது, இன்ஜினில் பதித்திருந்த திருகாணியான ஸ்டட்டோடு முறிந்தது. இதற்குத்தான் அவர் ஒரு மாதமாகப் பயந்திருக்கிறார். முறிந்த துண்டைத் துளை போட்டு எடுப்பது நாள் முழுக்க இடுப்பொடிகிற வேலை. அதற்கு டாப்பெட் சுலபம். டிரைவரின் தலையை உருளவிடுவது அதைவிடச் சுலபம்.

மேனிபோல்டு வெளியே வந்தது. உள்ளே இருந்தது செம்புக் கேஸ்கட்டே இல்லை. எண்ணூர் ஷெட்டின் ஆவிக் குழாய்க்குச் சுற்றுகிற கல்நார் அட்டையை மேஸ்திரி கத்திரியால் வெட்டி வைத்திருந்தார். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே அது சாம்பலாகி உதிர்ந்தது. சரியான கேஸ்கட்டு கம்பெனி வரவழைத்துக் கொடுக்கவில்லையா என்று மேனேஜர் கேட்டார். மேஸ்திரி காது கேளாதவர் மாதிரி ஸ்டட்டைத் தடவிக்கொண்டிருந்தார். டிரைவர் ஸ்டோர் அறைச் சுவரைக் கையால் காட்டினார்.

சாமி படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில், மெழுகுத் தாள் கூடப் பிரிக்காமல், புதுக் கேஸ்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தாளின் மேல் சந்தனம், குங்குமப் பொட்டு. ஆயுத பூஜைக்கு முன்னால் வர வேண்டியது கப்பலில் தாமதமாகி, பூஜை முடிந்து வந்து சேர்ந்ததாம்.

"புது சாமான பூஜையன்னிக்குத்தான் சார் பூட்டறது. நம்ம வழக்கம்," என்றார் மேஸ்திரி. "வர்ற பூஜைக்கு வச்சிருந்தேன்."

அடுத்த பூஜைக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. அந்தப் பத்து மாதமும் ஒரு மனிதன் புகையை மூச்சாக இழுத்துக்கொண்டு ஓட்டியிருக்க வேண்டும், அதற்குள் ஜெயிலுக்குப் போகாமல் இருந்திருந்தால். மேனேஜருக்கு இந்தப் பதில் திருப்தியாக இருந்தது. வழக்கம் என்றால் அவருக்குப் புரியும். அவர் மேஸ்திரிக்கு மெமோ கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முறிந்த ஸ்டட்டை எடுத்துப் புதியது போட்டார்கள். பழைய கரியைத் தகட்டுக்கத்தியால் சுரண்டி, இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். கேஸ்கட்டுக்கு மேஸ்திரி பசை பூசப் போனார். டிரைவர் டப்பாவை வாங்கித் தள்ளி வைத்தார், உலர்ந்தே உட்காரட்டும் என்று. நட்டுகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமுமாக, ஒரே மூச்சில் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்றில் முடுக்கினார்கள். ஓரத்திலிருந்து முடுக்கினால் நடு தூக்கிக்கொள்ளும். வண்டியைச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆறவிட்டு, இன்னொரு தடவை முடுக்கினார்கள். டிரைவர் ஒரு வார்னிஷ் டின்னை வெட்டித் தட்டையாக்கி, காலடி ஓட்டையைத் தானே மூடினார். மேஸ்திரியின் காற்றோட்டம் அதோடு முடிந்தது.

மேனேஜரின் உத்தரவை நான்தான் எழுதினேன். டிரைவர் மேல் நடவடிக்கை நிறுத்திவைக்கப்படுகிறது. கைவிடப்படுகிறது என்றல்ல, நிறுத்திவைக்கப்படுகிறது. நாலு சந்தேகமும் பதிவில் இருக்கும், இன்னொன்று சேர்ந்தால் ஐந்தாகக் கணக்கிடப்படும். அத்துடன், வேலை நேரத்தில் கிராம்பு மெல்லக் கூடாது என்று ஒரு நோட்டீஸ். அதை வாசலில் ஒட்டினேன்.

திங்கட்கிழமை காலை டிரைவர் வந்தார். நான் சொல்வதற்கு முன்னாலேயே என் முகத்தில் நிதானமாக, நீளமாக ஊதினார். பல்பொடி, காப்பி.

"எழுது," என்றார்.

எழுதினேன்.

"பழச நாலும் இன்னும் அதுல கீதா?"

இருக்கிறது என்றேன். அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னேன்.

"எழுதறதுக்கு மட்டும் குடுத்தானுங்களா?"

அவர் நகரவில்லை. பின்னால் லோடுமேன்கள் காத்து நின்றார்கள். நான் பக்கத்தைத் திருப்பினேன். முதல் சந்தேகத்தின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'கேஸ்கட்டு' என்று எழுதினேன். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, எல்லாவற்றுக்கும் அப்படியே. அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நாலு கோடும் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கேஸ்கட்டு, கேஸ்கட்டு, கேஸ்கட்டு, கேஸ்கட்டு. ஐந்தாவதாக மேனேஜர் கையெழுத்தில் என் பெயர் இருந்தது. அதை அடிக்கவில்லை. என்னைப் பற்றிய சந்தேகம் அவ்வளவு தப்பில்லை.

அவர் வண்டியில் ஏறினார். லோடுமேன்கள் தள்ளினார்கள். குளிர்ந்த இன்ஜின், முதல் தள்ளலிலேயே டிக் டிக் இல்லாமல் ஓடியது. கேட்டைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டினார்.

"இனிமே மோந்து பாக்கறப்போ, மூக்கோட மூளயையும் எட்த்துகினு வா, தம்பி."

பதிவேட்டைச் சிதைத்ததற்காக ஒரு வாரத்தில் எனக்கு மெமோ வந்தது. மேனேஜர் சொல்ல, நானே அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.